மூச்சு வாங்கிய லேப்டாப்

அந்த லேப்டாப்பை நான் முதன்முதலில் வாய்விட்டுத் திட்டியது ஒரு மாரடைப்பு நோயாளியின் ரிப்போர்ட்டுக்கு நடுவில். அமெரிக்காவில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர், அவருக்குக் கொடுத்த மருந்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்தும் விட்டும் அவர் குரலை ஓட்டி நிறுத்தி, கேட்டதை டைப் அடித்துக்கொண்டு வருகிறேன். திடீரென்று மேசைமேல் கிரைண்டர் போட்ட மாதிரி ஓர் இரைச்சல். டாக்டர் அதற்குள் முங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து எல்லாமே அணைந்துவிட்டது. அடியில் கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்.

"சனியனே, இன்னும் நாலு வரிதானே இருந்துச்சு" என்றேன்.

சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "என்னா, மாவு மிஷினு நின்னுடுச்சா?"

அத்தை என்றால் என் மாமியார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அந்த வீட்டில் அத்தை, என் கணவர், நான், இவ்வளவுதான் ஜனம். தெருவில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்பார்கள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, அங்கேயே போய் வேலை தேடி, பிள்ளை குட்டியோடு தங்கிவிட்டார்கள். கடைசிப் பிள்ளை என் கணவர். அவர் பிறப்பைப் பதிந்ததில் ஏதோ குளறுபடி. அதனால் அவருடைய குடியுரிமைத் தாள்கள் மட்டும் ஆபீஸ் ஆபீசாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தத் தாள்களுக்கு எங்கள் வீட்டில் பெயர் பாப்பியே. காலையில் காபி குடிக்கும்போதே பாப்பியே பேச்சுத்தான். மாடிச் சுவர் ஒழுகினால், பாப்பியே வரட்டும், யாரு இங்க இருக்கப் போறா. கட்டிலுக்குக் கால் ஆடினால், பாப்பியே வரட்டும். வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று நான் சொன்னபோதும் அதே பதில்தான். "எதுக்கும்மா வேல? இன்னைக்கோ நாளைக்கோ கெளம்பப் போறீங்க" என்றார் அத்தை. அந்த இன்றைக்கோ நாளைக்கோ எனக்குக் கல்யாணமாவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே நடந்துகொண்டிருந்தது. எனக்கோ பிடிவாதம் ஜாஸ்தி. மூட்டை கட்டி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதைக் குடித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரான்சு வரும்போது வரட்டும், அதுவரைக்கும் எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று நின்றேன். கணவர் என் பக்கமும் பேசவில்லை, அம்மா பக்கமும் பேசவில்லை. அது அவர் சுபாவம்.

அப்போது புதுச்சேரியில் படித்த பெண்கள் பாதிப் பேர் இந்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு எழுத்தாக்கித் தர வேண்டும். நானும் படித்தேன், தேறினேன். ஆனால் கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே எல்லாமே ராத்திரி வேலை. என் கணவருக்கும் ஃபேக்டரியில் அடிக்கடி நைட் ஷிஃப்ட் விழும். அத்தையால் ராத்திரி தனியாக இருக்க முடியாது. வீட்டில் உள்ள அத்தனை விளக்கையும் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தே இருப்பார். ஆகவே வீட்டிலிருந்து செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, கொஞ்ச காலம் வீட்டிலிருந்து செய்யுங்கள், சரியாக வந்தால் பார்ப்போம் என்று சொல்ல வைத்திருந்தேன்.

லேப்டாப் என் ஓர்ப்படி கழித்துவிட்டது. அதாவது கணவருடைய பெரிய அண்ணன் மனைவி புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை லீவுக்கு வந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கனமான கறுப்பு மெஷின். பிரான்சில் வாங்கியது என்பதால் கீபோர்டில் எழுத்துகள் நம்மூர் வரிசையில் இருக்காது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ என்று அச்சடித்திருக்கும். எம் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தவள், கையைப் பார்த்து அடிக்கிற பழக்கமே கிடையாது. உள்ளே இங்கிலீஷ் கீபோர்டு என்று மாற்றிவிட்டு, அதன்மேல் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன என்று அடித்தேன். என் கணவர் ஒரு தடவை அதில் மெயில் அடிக்கப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எழுத்து என்னை ஒன்றும் செய்யவில்லை. சத்தந்தான் கொன்றது. எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. காதில் விழாததை ஊகித்து எழுதவே கூடாது. மருந்தின் அளவை ஊகித்து எழுதினால் ஓர் உயிர் போகும். விளங்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். அதைப் பிளாங்க் என்போம். லேப்டாப்புக்குள் இருக்கும் ஃபேன் கத்த ஆரம்பித்தால் என் பக்கமெல்லாம் பிளாங்க்தான். பொக்கை வாய் மாதிரி ரிப்போர்ட் போகும்.

கம்பெனியில் எங்கள் வேலையைச் சரிபார்க்கும் மேடம் ஒருவர் இருந்தார். கோபமே வராத குரல். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குப் பயம். ஒருநாள் போன் செய்தார்.

"உங்க டைப்பிங்ல தப்பே இல்ல. ஆனா இவ்ளோ பிளாங்க் விட்டா அத நிரப்ப நான் தனியா ஒரு ஆள போடணும். உங்களுக்குக் காது ஏதாவது..."

"காது நல்லா இருக்கு மேடம். லேப்டாப்ல ஃபேன் சத்தம்."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். குறையலைன்னா ஆபீசுக்கு வந்து செய்ங்க. முடியாதுன்னா விட்டுடுங்கம்மா, வேற வழியில்ல."

"குறைச்சிடறேன் மேடம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வேலை போய்விட்டால் நாளைக்குக் காலையில் காபியோடு நானும் பாப்பியே பேச்சுத்தான் பேச வேண்டும். போகவிட மாட்டேன் என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கும் அதற்கும் சண்டை. அடியில் காற்று போனால் சூடு குறையும் என்று கேள்விப்பட்டு, இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, காற்று போகும் என்று கணக்கு. தட்டு சூடானதுதான் மிச்சம். டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். இரண்டு ஃபேனும் சேர்ந்து கத்தின. விடியற்காலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கடல் காற்றில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் திரையில் எதுவும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நான் நன்றாகத் தெரிந்தேன். ஈரத்துணி போடலாமா என்று யோசித்து, கரண்ட் அடித்துச் செத்துவைத்தால் என்ன செய்வது என்று விட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சு எடேன்."

"உங்கள வைக்கிறேன் ஃபிரிட்ஜ்ல" என்றேன். மோரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

ஒரு ரிப்பேர் கடைக்கும் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. காதை வைத்துக் கேட்டார், தடவிப் பார்த்தார். "போர்டு வீக்கு மேடம். வெளிநாட்டு மாடல், பார்ட்ஸ் கெடைக்காது. புதுசு ஒண்ணு பாருங்க, நான் எடுத்துத் தரேன்" என்றார். போர்டு வீக் என்று தடவிப் பார்த்தே தெரிகிற கையென்றால் அந்தக் கை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியது. மெஷினை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இதை அடைத்து வைத்திருப்பது திருகாணிதானே. திருகாணி என்று இருந்தால் கழற்றலாம்தானே.

நெட்டில் தேடினால், என்னைப்போல அவஸ்தைப்படுகிறவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள். அதே மெஷினை ஒருவர் பிரித்துப் படம் படமாகப் போட்டிருந்தார். எழுதியிருந்தது பிரெஞ்சில். எனக்கு அதில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். படம் போதும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்கு ஃபைல் வராத நேரம், கூடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து உட்கார்ந்தேன். கணவர் டூட்டிக்குப் போயிருந்தார். அது ஒருவகையில் நல்லது, இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், நான் கத்தியிருப்பேன். கழற்றுகிற திருகாணி கலந்துவிடாமல் இருக்க அஞ்சறைப்பெட்டியைக் காலிசெய்து எடுத்து வைத்துக்கொண்டேன். அடிப்பக்கத்துத் திருகாணி கடுகு இடத்தில், கீபோர்டுத் திருகாணி சீரகம் இடத்தில், உள்ளே இருக்கும் பொடிசுகள் வெந்தயத்தில். படத்தைப் பார்ப்பதும் ஒன்றைக் கழற்றுவதுமாகப் போனது. கீபோர்டைத் தூக்கியபோது ஏதோ சடக்கென்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தேன். உடையவில்லை, கொக்கி விட்டிருந்தது.

ஃபேனைக் கழற்றி அந்தப் பக்கம் பார்த்தேன். ஃபேன் தள்ளுகிற காற்று வெளியேறுவதற்குச் செம்பில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு சட்டம் இருக்க வேண்டும். படத்தில் அப்படித்தான் இருந்தது. என்னுடையதில் பற்களே இல்லை. அந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு திரை படிந்து ஒட்டிக்கிடந்தது. தூசி என்றால் சாம்பல் நிறமாக இருக்கும், ஊதினால் பறக்கும். இது ஊதியும் அசையவில்லை. நகத்தால் சுரண்டினேன், பிசுக்காக வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை வாசனை அடித்தது.

"அத்தே, இங்க கொஞ்சம் வாங்க."

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். என் விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"சாம்பிராணி வாசன வருது" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"லேப்டாப்புக்குள்ள சாம்பிராணி எப்படி வந்துது?"

"நான்தான் காட்டுவேன். வெள்ளிக்கெழமயானா வீட்டுக்கே காட்டுறேன். டிவிக்குக் காட்டுறேன், தையல் மிஷினுக்குக் காட்டுறேன், இத மட்டும் வுட்டுடுவேனா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் நான் உப்பளத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். முடித்த ஃபைல்களெல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சேர வெகுநேரமாகும் என்பதால் லேப்டாப்பை ஓடவிட்டுவிட்டுத்தான் போவேன். இருட்டுவதற்குள் திரும்பி வரும்போது வீடு மணக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

"சும்மா ஒரு சுத்து சுத்துனதுக்கா இவ்ளோ அப்பியிருக்கு?"

"ஒரு சுத்தா? நின்னு காட்டுவேம்மா. அது கத்துற கத்துல கண்ணு பட்டிருக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தூபக்கால கிட்ட கொண்டும்போனா பொகைய அப்படியே உள்ள இழுத்துக்குது. எந்தச் சாமியும் அப்படி இழுத்து நான் பாத்ததில்ல. ஏத்துக்குதுன்னுட்டு இன்னும் ஒரு புடி போடுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி வீசியிருப்பேன். கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கோபந்தான் முந்தியது.

"ஏன் அத்தே இப்படி? உங்களுக்குத்தான் இந்த வேலையே புடிக்காதே. மாவு மிஷின்னு சொல்வீங்களே."

"கத்துனா கத்துதுன்னு சொல்லமாட்டாங்களா? அதுக்காவ புடிக்கலன்னு ஆயிடுமா? இந்த வேல உனக்கு நெலைக்கணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வேண்டிக்கிட்டுக் காட்டுனேன்."

வேண்டாத மாமியார் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தவர், என் வேலைக்காக வாராவாரம் தூபக்காலோடு நின்றிருக்கிறார். அந்த வேண்டுதல்தான் என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இனிமேல் இந்த அறைப்பக்கம் புகை வரக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சீயக்காத் தூளு போட்டுக் கழுவுனா பிசுக்கு விட்டுப்போவும், கொண்டாரவா?"

"தண்ணியே படக்கூடாது அத்தே."

மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்ததே தவிர அது விட்டபாடில்லை. அத்தை எழுந்து போய்ப் பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பல்லுக்குப் பல் நிமிண்டி எடுத்தேன். வெயில் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துவிட்டது, நான் நிமிரவில்லை. கழுத்து வலித்தது. செம்புப் பற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது, தலைவாரிப் பேன் எடுத்து முடித்த நிம்மதி. சூட்டைக் கடத்துவதற்குச் சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் வெள்ளைப் பசை ஒன்று தடவ வேண்டும் என்று படத்தில் இருந்தது. டிவி ரிப்பேருக்கு ஜாமான் விற்கிற கடையில் அதை முன்னமே வாங்கி வைத்திருந்தேன். தடவி, மூடி, அஞ்சறைப்பெட்டியின் அறைகளைப் பின்னாலிருந்து முன்னாலாகக் காலிசெய்துகொண்டு வந்தேன். கடைசியில் வெந்தயத்தில் ஒரு திருகாணி மிஞ்சியது. எங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால் திரையில் வெளிச்சம். காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தூங்குகிற குழந்தையின் மூச்சளவுக்கு. எனக்கு அழுகை வந்தது. அத்தை பார்க்கக்கூடாது என்று பஞ்சைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மறுநாள் விடியற்காலை ஹெட்போனை மாட்டியபோதுதான், இத்தனை நாள் எதையெல்லாம் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. டாக்டர் தாளைப் புரட்டுகிறார், கேட்கிறது. காபியை விழுங்குகிறார், கேட்கிறது. மென்று துப்புகிற மருந்துப் பெயர்கூட எழுத்து எழுத்தாக விழுந்தது. அந்த மாதத்தை நான் வெறி பிடித்தவள் மாதிரி அடித்து முடித்தேன். நாலு தடவை கேட்டும் விளங்காததற்குத்தான் கோடு போட்டேன். மெஷின் ஒருமுறைகூட அணையவில்லை.

மாதக் கடைசியில் மேடம் போன் செய்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அத்தை ரசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்ணீங்க?" என்றார் மேடம். "வேற யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. இனிமே வீட்டுலேருந்தே செய்யலாம். நான் மேல சொல்லிட்டேன்."

நன்றி சொல்லி வைத்தேன்.

"வேல நெலச்சிட்டுதா?" என்றார் அத்தை.

"நெலச்சிடுச்சு அத்தே."

ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"இனிமே எனக்குக் கவலையில்லம்மா. பாப்பியே வந்தா வரட்டும். இந்த வேலைய வுட்டுட்டு நீ போவ மாட்ட. நீ போவலன்னா அவனும் போவ மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பிள்ளைகளை ஏர்போர்ட்டு வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தவர். மூன்றாவதையும் அனுப்பத்தான் காலையும் மாலையும் பாப்பியே பேசிக்கொண்டிருக்கிறார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவர் பேசியதெல்லாம் பயம். தூபக்காலோடு நின்று கேட்டதெல்லாம் மகனை.

"இது இங்கேருந்துதானே செய்யற வேல?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை. ஆனால் எவ்வளவு கஷ்டமானாலும் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அவரிடம் பொய் சொல்லி அந்த நிம்மதியைக் கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்குத் தாள் வந்தால் அந்தப் பொய்யோடு அவரை எப்படிப் பார்ப்பேன்.

"இல்ல அத்தே" என்றேன். "நெட்டு இருந்தா எங்கேருந்தும் செய்யலாம். இதத் தூக்கிக்கிட்டுப் போனா பிரான்சுலயும் செய்யலாம்."

அத்தை மேசைமேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி அதன் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார்.

"அது குளுரு ஊராச்சே" என்றார். "அங்க இது சூடே ஆவாதும்மா. நல்லா ஓடும்."